துண்டுக்குள் பிடித்த மூன்று வருஷம்

கார்த்திகை 1, திங்கள்

விடாத மழை. வண்ணார்பேட்டையில் பஸ் ஏறுவதற்குள் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. தடித்தாளை உரச்சாக்கில் சுற்றி வைத்திருந்ததால் தாள் தப்பியது. நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன். தாள் நனைந்தால் புள்ளி நிற்காது.

இன்று முதல் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவது என்று முடிவு. எஸ்தர் டீச்சர் சொன்னது. "எழுத்து கையில தங்கணும்னா எழுதிக்கிட்டே இருக்கணும் ஐயா. என்னத்தையாவது எழுதுங்க. யாரையாவது திட்டியாவது எழுதுங்க."

திட்டுவதற்கு எனக்கு ஆள் பஞ்சம் இல்லை.

பிரெயில் முறை: சட்டத்துக்குள் தாளைச் செருகுவது. ஆணியால் வலமிருந்து இடமாகப் புள்ளி குத்துவது. தாளைத் திருப்பினால் புள்ளிகள் எழும்பி நிற்கும். அதை இடமிருந்து வலமாக விரலால் தடவி வாசிப்பது. கண் இருந்த காலம் முழுக்க நான் கைநாட்டு. மாட்டுத் தரகனுக்குப் பல்லைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று இருந்தவன். பஸ் போர்டை அடுத்தவனிடம் கேட்டு ஏறியவன். கண்ணில் அழுத்தம் வந்து, இருட்டாகி, இரண்டும் போன பிறகு எழுத்து வந்திருக்கிறது. நினைத்தேன், சிரிப்பு வந்தது. "மாமா தனியாச் சிரிக்காவ" என்று மருமகள் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது.

இன்னொரு சௌகரியம். வீட்டில் ஒருவராலும் இதை வாசிக்க முடியாது. மருமகள் வைக்கும் ரசம் வெறும் புளித்தண்ணீர். எழுதிவிட்டேன். மேஜை மேலேயே வைக்கப் போகிறேன்.

விரல் நோகிறது. இனிமேல் சுருக்கம். எஸ்தர் டீச்சர், எ.டீ. அவள் சொல்லிக்கொடுக்கிற பாளையங்கோட்டை பார்வையற்றோர் நிலையத்தின் செயலாளர், செ.


கார்த்திகை 3, புதன்

மழை இல்லை. புழுக்கம். கோபம்.

நிலையத்துக்குப் புது விளையாட்டுச் சாமான் வந்து இறங்கியிருக்கிறது. ஒரு சேவைச் சங்கம் கொடுத்தது. பார்வையில்லாதவர்கள் தடவிப் பழகுவதற்கென்றே செய்ததாம். மரத்தில் மாவட்டப் படம், ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டலாம். மிருக உருவங்கள். வாசனைக் குப்பிகள். கேட்டதும் விரல் நுனி ஊறியது. கையை நீட்டினேன். கைக்கு வந்தது பிளாஸ்டிக்.

எல்லாவற்றின் மேலும் உறை. வள்ளியூரும் வழவழ, அம்பாசமுத்திரமும் வழவழ. யானைக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாசனைக் குப்பியை மூக்கில் வைத்தால் புதுச் செருப்புக்கடை வாசம்.

உறையைக் கிழிக்கப் போனேன். செ. ஓடி வந்தார்.

"பிரிக்காதீரும்வே. புதுச் சாமான். அழுக்காயிரும்."

"தொட்டுப் பாக்கத்தானே சார் குடுத்திருக்கு?"

"கவரோட தொடும். யாரு வேண்டாம்னா?"

எ.டீ. பிறகு சொன்னாள். செ.யின் ஸ்கூட்டர் சீட்டில் கம்பெனி போட்ட கவர் இன்றுவரை இருக்கிறதாம். உட்கார்ந்து எழுந்தால் சரசரவென்று ஒரு சத்தம். அதை வைத்துத்தான் அவர் வந்துவிட்டார் என்று நிலையத்தில் எல்லோரும் வாயை மூடுகிறோம். எனக்கு இத்தனை நாள் அது என்ன சத்தம் என்று தெரியாது.

சிரித்தோம். சிரிப்பு அதோடு சரி.

புதுச் சாமானுக்கு இடம் வேண்டும் என்று எ.டீ.யின் பெட்டியைத் தூக்கிக் கக்கூஸ் பக்கத்து ஒழுகல் அறையில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டி முழுக்க அவளே செய்தது. உள்ளே இருந்தவை, நான் தொட்டுப் பழகிய அளவில்:

முட்டை அட்டையில் வெட்டிய ஆறு குழி, கூடவே புன்னைக்காய். குழியில் காய் வைத்துத்தான் எழுத்துப் பழக வேண்டும். அ-வுக்கு ஒரே காய், மேலே இடது பக்கம். என் முதல் எழுத்து அது.

சாக்கு, பட்டு, கதர், நைலான். எல்லாம் இரண்டிரண்டு. தடவி ஜோடி சேர்ப்பது.

மாத்திரை டப்பாக்கள். மிளகு, மணல், ஆணி, அரிசி. குலுக்கி ஜோடி சேர்ப்பது. அரிசியையும் மிளகையும் இன்னும் குழப்பிக்கொள்கிறேன்.

ஆற்றுப் பலகை. மலைக்கு உப்புத்தாள், தாமிரபரணிக்குப் புரிக்கயிறு, வயலுக்குக் கோரைப்பாய். பாபநாசத்தில் விரலை வைத்தால் கடல் வரைக்கும் போகலாம்.

முட்டை அட்டை மழையில் ஊறிக் கூழாகக் கிடந்தது. கையில் எடுத்தேன், பிசைந்த மாவு மாதிரி வந்தது. அதைக் கொண்டுபோய் செ. மேஜை மேல் அப்பி வைக்க வேண்டும் என்று இருந்தது. வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று இப்போது கோபம்.

இதைவிடப் பெரியது ஒன்று. எ.டீ.க்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை. "சாமான் வந்தாச்சு. எல்லாரும் தானா வெளையாடிப் பழகிக்கிடுவாவ. சொல்லிக் குடுக்க ஆள் எதுக்கு?" செ. சொன்ன காரணம் இவ்வளவுதான். எ.டீ.க்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. வீட்டில் அவளும் படுத்த படுக்கையாக அம்மாவும். இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

எனக்கும் நஷ்டம்தான். எழுத்து எல்லாம் வந்துவிட்டது, வாசிக்கும்போது வார்த்தை இன்னும் ஓடவில்லை. எறும்பு மாதிரி ஊர்ந்து போகிறேன். பாதியில் விட்டால் கைநாட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.


கார்த்திகை 4, வியாழன்

செ. என்னை அறைக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அவர் காப்பி கொடுக்கிற ஆள் இல்லை. குடிக்கும்போதே பயம்.

சனிக்கிழமை விழா. சாமான் கொடுத்த சங்கத்தின் தலைவர் வருகிறார். ஒரு போட்டி உண்டாம். தலைவர் கண்ணைக் கட்டிக்கொள்வாராம், நம் கஷ்டத்தை உணர்வதற்காக. பக்கத்தில் நான். ஆளுக்கு ஒரு மாவட்டப் படம், அன்றைக்கு மட்டும் உறை இல்லாமல். யார் முதலில் பூட்டுகிறார்கள் என்று பார்ப்பது.

"நீரு கொஞ்சம் பைய செய்யும்."

"எதுக்கு?"

"என்னவே கேள்வி? விருந்தாளி தோத்துப் போனா நல்லாவா இருக்கும்? டீச்சர் சம்பளமும் அவங்க சங்கத்துல இருந்துதான் வருது. மனுசன் சந்தோசமா எந்திரிச்சுப் போனா அந்தப் பேச்சையும் எடுக்கலாம்லா."

மாடு பிடிக்க இந்த மாவட்டம் பூராவும் நடந்தவன் நான். எந்த ஊருக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்று கால் சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற ஒருவனிடம் தோற்க வேண்டுமாம். அது அவன் நம் கஷ்டத்தை உணர்வதற்காம்.

சரி என்று சொல்லிவிட்டேன். எ.டீ.யிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் போட்டிக்கே போகக்கூடாது என்பாள்.

காப்பியில் சர்க்கரை போட்டிருந்தார். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று அவருக்குத் தெரியும்.


கார்த்திகை 6, சனி

தூறல். பந்தல் ஒழுகியதால் விழா உள்ளே.

தலைவருக்கு அம்பாசமுத்திரத்தில் மாட்டுத்தீவனக் கடை. எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். செண்ட் போட்டு வந்திருந்தார். செண்டுக்கு அடியில் கடலைப் புண்ணாக்கு வாசம். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். அது வேறு விஷயம்.

கண்ணைக் கட்டினார்கள். கைத்தட்டல். "ஐயோ, ஒரே இருட்டா இருக்கே" என்று மைக்கில் சொன்னார். அதற்கும் கைத்தட்டல். இருட்டைப் பார்ப்பதற்கு ஒரு கைத்தட்டல்.

ஆரம்பித்தது. நான் வள்ளியூர்க் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாதவன் மாதிரி சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கியது. பக்கத்தில் டக், டக் என்று கட்டை விழுகிற சத்தம். இன்றைக்குக் கண்ணைக் கட்டியவனுக்கு இவ்வளவு வேகம் வராது. முன் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏட்டி, மூக்குப் பக்கத்துச் சந்து வழியாக் கீழ பாக்காருட்டி."

"சும்மா கெடட்டி. கேட்டுரப் போகுது."

கேட்டது. எனக்குத்தான் கேட்டது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருடைய பலகையையும் கையையும் சேர்த்து மூடிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கோபம் கையில் வந்தது.

"என்னவே இது?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கீழ பாக்காம இருக்கத்தான்."

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. செ. பின்னால் வந்து என் முதுகில் இடித்து, "துண்டை எடும்வே, எடும்" என்று பல்லைக் கடித்தார். அண்ணாச்சியின் கை அசையவில்லை. கட்டை விழும் சத்தம் நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்தப் புண்ணாக்கு வாசம் புத்தியில் ஏறியது. தீவனக் கடைக்காரர். சந்தை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். என் கையையும் துண்டுக்குள் விட்டேன்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டை மூடி உள்ளே விரலைப் பிடிப்போம். எத்தனை விரல் பிடிக்கிறோமோ அதுதான் விலை. ஒத்துக்கொண்டால் பிடித்த விரலைக் குலுக்குவது. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. குலுக்கிய பிறகு பேச்சு மாறினவனோடு அடுத்த சந்தையில் ஒருவனும் துண்டு போட மாட்டான்.

விரலைத் தொட்டதும் அவர் கை விழித்துக்கொண்டது. காதோடு கேட்டேன். "எஸ்தர் டீச்சர் வேலை. எத்தனை வருசம்?" கேட்டுக்கொண்டே ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். என் ஒரு விரலைப் பிடித்தார். நான் நான்கு பிடித்தேன். அவர் இரண்டு. நான் மூன்றைப் பிடித்து விடவே இல்லை. குலுக்கினார். நன்றாகவே குலுக்கினார்.

பிறகு என் பக்கத்துக் கடனைக் கழித்தேன். மீதிக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பக்கம் திருப்பி அவர் கையில் வைத்தேன். அவர் பூட்டினார். துண்டை எடுத்தேன். தலைவர் வெற்றி என்று செ. மைக்கில் கத்தினார். அவருக்குச் சால்வை. எனக்கு ஆறுதல் பரிசு. பிரித்துத் தடவினேன். பேனா.

என்னிடம் பேனா.

ஆனாலும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பேரம். கை மறக்கவில்லை. ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.


கார்த்திகை 8, திங்கள்

எ.டீ. தன் சாமானை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். செ. காலையிலேயே மறுபடியும் சொல்லிவிட்டாராம், மாதக் கடைசி வரைதான் என்று.

நேராக செ. அறைக்குப் போனேன். கதவில் முட்டி நெற்றியில் அடி. அதுவும் சேர்ந்துகொண்டது.

"தலைவர் டீச்சர் வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லலியே. ஜம்முனு சாப்பிட்டாரு, போனாரு."

"துண்டுக்குள்ள பேசி முடிச்சாச்சு சார். மூணு வருசம்."

"துண்டுக்குள்ள என்னத்தவே பேசுனீரு? என்ன கூத்து இது? அவரு பெரிய மனசு பண்ணி ஒம்ம சேட்டைய பொறுத்துக்கிட்டாரு. போயி உக்காரும்."

மாவட்டப் படத்துக்கு மறுபடியும் உறை போட்டாகிவிட்டது. இந்தத் தடவை ஓரத்தை டேப் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

எழுத முடியவில்லை. அழுத்திக் குத்துகிறேன், தாள் பொத்துக்கொள்கிறது.


கார்த்திகை 9, செவ்வாய்

வெயில். மகனிடம் அம்பாசமுத்திரம் கூட்டிப்போகச் சொன்னேன்.

"அங்கன என்ன சோலி?"

"தீவனக் கடைக்குப் போணும்."

"வீட்ல மாடும் இல்ல, கன்னும் இல்ல. தீவனம் யாருக்குப்பா, ஒங்களுக்கா?"

மருமகள் அடுக்களையில் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் நல்ல குரலில், இந்த வயசில் கட்டையைத் தடவி விளையாட எதற்கு அலைய வேண்டும், வீட்டிலேயே இருக்கலாமே என்றார்கள். நல்ல குரலில் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் எரிகிறது.


கார்த்திகை 10, புதன்

தனியாகப் போனேன். புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் சொல்லி ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஈர வயல் வாசம். பாலத்தில் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறியது. ஆற்றில் தண்ணீர் நிறைய என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். எனக்கே இரைச்சல் கேட்டது. கோபத்திலும் அது நன்றாக இருந்தது.

தீவனக் கடையை மூக்கே காட்டியது. உள்ளே மாடு கன்று வைத்திருக்கும் சம்சாரிகள் நாலைந்து பேர் தவிட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, மூணு வருசம் பிடிச்சமே. செயலாளர் ஒண்ணும் தெரியாதுங்காரு."

"யாரு? ஓ, நம்ம போட்டிப் பெரியவரா. வாரும்வே. அது சும்மா வெளையாட்டுக்குல்லா."

சம்சாரிகளில் ஒருவர் கேட்டார். "துண்டு போட்டியளா அண்ணாச்சி?"

"ஆமா. மேடையில, ஒரு தமாசுக்கு."

"குலுக்குனியளா?"

இன்னொருவர் தவிட்டை மூட்டைக்குள் திரும்பக் கொட்டுகிற சத்தம் கேட்டது. "அப்போ தவிட்டு விலையும் தமாசா? நான் மேலக்கடையில கேட்டுக்கிடுதேன்."

"ஏ, இரும்வே. எங்க போறீரு?" அண்ணாச்சி போனை எடுத்தார். செ.யிடம் பேசினார். கோபமாகத்தான் பேசினார், என் மேலுள்ள கோபம். "ஆமா. அந்த டீச்சர்தான். இப்ப குடுக்கித அதே சம்பளம், மூணு வருசம். நான் சொல்லுதேன்லா, எழுதிக்கிடும்." வைத்துவிட்டு, "போதுமாவே? மானத்த வாங்கிட்டீரே" என்றார். ஒரு டீ சொன்னார். சர்க்கரை இல்லாமல்.

திரும்பி வரும் வழி பூராவும் எனக்குள் ஒரே சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.


கார்த்திகை 11, வியாழன்

எ.டீ.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, துண்டு, விரல், தீவனக் கடை. சிரிப்பாள் என்று நினைத்தேன். கை பிடித்து நன்றி சொல்வாள் என்றும் நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

எழுந்து போய்விட்டாளோ என்று கையை நீட்டிப் பார்த்தேன். இருந்தாள்.

"என்னையக் கேட்டியளா ஐயா?"

"நல்லதுக்குத்தானே டீச்சர்."

"செயலாளரும் நல்லதுக்குத்தான் கவர் போட்டாரு. நான் இப்ப வாங்குதது அரை நாள் சம்பளம். தெரியுமா ஒங்களுக்கு? வேலை முழு நாளு, சம்பளம் அரை நாளு. முழுசாக் குடுங்கன்னு போன வருசத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்குத்தான் அவரு என்னைய அனுப்பப் பாக்காரு. நீங்க போயி அதே சம்பளத்துல மூணு வருசம் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கிய. என்ன, பல்லைப் பாத்தியளா? வயசு கேட்டியளா?"

துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வேணும்னேதான் தோத்தியளா?"

"ஆமா."

"அத என்கிட்ட சொல்லல."

இன்றைக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கவில்லை. போய்விட்டாள்.

சந்தையில் இத்தனை வருஷத்தில் விற்பவனைக் கேட்காமல் ஒரு தடவைகூட நான் துண்டு போட்டதில்லை. அது தரகில் முதல் பாடம். அவள் பேச வேண்டியதை அவளிடம் கேட்கவே தோன்றவில்லை எனக்கு. இந்த ஊரில் எல்லோரும் எங்களுக்குச் செய்வதைத்தான் நானும் செய்திருக்கிறேன். நானும் அவளைப் போலக் கண் இல்லாதவன்தானே என்ற நினைப்பு.

செ. மேல் கோபம். அண்ணாச்சி மேல் கோபம். இன்று எல்லாவற்றையும்விட என் மேல்.

சோறு இறங்கவில்லை. "ரசம் நல்லால்லையா மாமா?" என்று மருமகள் கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். இன்றைக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது.


கார்த்திகை 12, வெள்ளி

காலையில் எ.டீ. போன் செய்தாள். "அம்பாசமுத்திரம் போறேன். கடைக்கு வழி காட்ட வாங்க. வாயைத் திறக்கக் கூடாது."

இரண்டு பேர், இரண்டு கோல், ஒரு பஸ். கண்டக்டர், "கூட யாரும் வரலியா?" என்று கேட்டார். "நாங்கதான் வந்திருக்கோம்" என்றாள். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

நான் கடை வாசலில் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் உள்ளே போனாள். காதோடு பேசவில்லை. வகுப்பில் பேசுகிற குரல், தெருவுக்கே கேட்டது.

"வணக்கம் அண்ணாச்சி. நான்தான் எஸ்தர். ஐயா பேசினது அவுக பேச்சு. எனக்கு மூணு வருசம் வேண்டாம். ஒரு வருசம், முழு நாள் சம்பளம். என் பெட்டி அந்த ஒழுகுத ரூம்ல இருந்து வகுப்புக்குத் திரும்ப வரணும். இனிமே கண்ணக் கட்டிக்கிட்டுப் போட்டி நடத்துனா நான் அங்கன இருக்க மாட்டேன். வருசம் முடிஞ்சதும் வேலை எப்படின்னு பாத்துட்டு மேல பேசுவோம்."

"ஒரு வருசம் போதுமாம்மா?" அண்ணாச்சியின் குரலில் ஆச்சரியம். லாபம் வந்த ஆச்சரியம்.

எனக்கு மூட்டை மேல் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றைப் பிடித்துக் கையில் கொடுத்தால் இரண்டைத் திருப்பிக் கொடுக்கிறாள். அடுத்த கார்த்திகையில் இவர்கள் மாட்டேன் என்றால்? படுத்த அம்மாவை வைத்துக்கொண்டு? உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டேன். கடையில் ஒரு சம்சாரி அதைப் பார்த்துச் சிரித்தார் போலிருக்கிறது.

"சரிம்மா. ஒரு வருசம், முழு நாள்" என்றார் அண்ணாச்சி. போன் போட்டு செ.யிடம் சொன்னார். "என்னவே, தினமும் ஒரு ஆளா அனுப்புதீரு?" என்று அவரையும் ஏசினார்.

பஸ்ஸில் நான் பேசவில்லை. கல்லிடைக்குறிச்சி போனது. சேரன்மகாதேவி போனது. ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கொண்டது முட்டாள்தனம் என்று இப்போதும் சொல்வேன், எழுதுவேன், இதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், வாசிக்கட்டும்.

பேட்டைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இதுல ஒங்களுக்குத் தரகு கிடையாது, பாத்துக்கிடுங்க."

நான் கேட்கவே இல்லை. கேட்காததற்கு இந்தப் பதில். இறங்குகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.